சுழி திரும்பி நின்ற பக்கம்

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது பரணில் கிடந்த தகரப்பெட்டிக்குள் அந்தப் புத்தகம் அகப்பட்டது. 32 பக்கம், நடுவில் இரண்டு பின் அடித்தது. ஒரு பின் துருவேறித் தாளில் டீக்கறை மாதிரி பரவியிருக்கிறது. அட்டையில் ஒரு மட்டக்குதிரை. முகம் தெரியாது. வாலைக் காலிடுக்கில் ஒடுக்கி, தலையைத் தொங்கப்போட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டையில் முகம் காட்டாத குதிரையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அது அப்படி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

2019 ஜனவரியில் என் தங்கை மகனுக்காக வரைந்தது. ஒரே ஒரு பிரதி. அவனுக்கு அப்போது ஆறு வயது.

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வேதாரண்யம் பக்கத்தில் 'புலம்' என்று பேர் முடியும் ஊர்களில் ஒன்றில் இருக்கிறேன். மணல் பூமி. முல்லைப்பூ, மாந்தோப்பு, சவுக்கு. அம்மா வீடு கோடியக்காட்டில். வேதாரண்யத்தில் கோடியக்கரை பஸ் ஏறினால் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் வரும். அப்புறம் பாத்தி பாத்தியாக உப்பளம். உப்பளம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். பாலை மரமும் சீமைக்கருவேலும் முட்புதர்களுமாக, அதிக உயரமில்லாத, கடற்காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த காடு. 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வெளியூர்க்காரர்கள் வெளிமானையும், மழைக்காலத்தில் வந்திறங்கும் பூநாரையையும் பார்க்க வருவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே குதிரைதான் எல்லாம்.

கோடியக்கரைக் குதிரைகள் எப்படி வந்தன என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ராஜா காலத்துக் குதிரை, கப்பலில் வந்த குதிரை, உப்பு மூட்டை சுமந்த குதிரை, மோட்டார் வண்டி வந்ததும் அவிழ்த்துவிட்ட ஜட்கா குதிரை. எந்தக் கதையை எடுத்தாலும் அடியில் இருப்பது ஒன்றே: இவை மனிதரிடம் வளர்ந்த குதிரைகளின் வாரிசுகள். லாடமும் கடிவாளமும் பார்த்த வம்சம். கொள்ளு வைக்க ஆளில்லை என்றானதும் தானே புல்லைத் தேடிக்கொண்டு, காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகியது. தோள்மேட்டின் உயரம் 147 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை என்பது பொதுக் கணக்கு. இவை அதைவிடவும் குட்டை. என் அம்மாவின் தோளுக்குத்தான் வரும்.

இந்தக் குதிரைகளை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. வெளிமான் மேய்கிற அதே புல்வெளியில்தான் இவையும் மேய்கின்றன. சீமைக்கருவேலங்காயைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் லத்தியோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். அந்த முள் வளர்ந்து புல்வெளியை அடைக்கும். மானைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குக் குதிரையால் தொல்லைதான், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் நான் அதை ஒளிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் குதிரைக்குட்டி சீமைக்கருவேலங்காயை மென்றுகொண்டிருக்கும். தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்துக்கு எழுத்து கிடையாது.

குட்டியின் பெயர் சுழி. நெற்றியில் மயிர் சுழித்துக்கொண்டு போகும். மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். அம்மா வைத்த பெயர் அது.

2018 நவம்பர் 15 ராத்திரியைச் சொல்ல வேண்டும். கஜா வருகிறது என்று இரண்டு நாளாகவே ரேடியோவிலும் டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுடையது ஓட்டு வீடு. அவளைக் கோடியக்காட்டிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பையனும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள், காங்கிரீட் கூரை என்பதால். நள்ளிரவு தாண்டியதும் காற்று பிடித்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்று பிற்பாடு பேப்பரில் படித்தேன். எனக்கு நினைவில் நிற்பது சத்தம். பக்கத்துத் தோப்பு தங்கை வீட்டுக்காரருடையது. ஒவ்வொரு மாமரமும் சாயும்போது முதலில் வேர் அறுபடுகிற சத்தம் கேட்கும், பிறகு தரை அதிரும். அவர் இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

ஒரு கட்டத்தில் காற்று அப்படியே நின்றுபோனது. இலை அசையவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. வெளியே போய்ப் பார்க்கலாம் என்று அவர் கதவுப் பக்கம் போனார். அம்மா எழுந்து குறுக்கே நின்றாள். "இருங்க மாப்ள. இன்னும் முடியல. திரும்பி வரும்." 1977 புயலை அவள் பார்த்திருக்கிறாள். புயலின் கண் மேலே வந்து நிற்கும்போது காற்று ஓய்ந்த மாதிரி இருக்கும், கண் கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும் என்பது அவளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அன்றைக்கு அப்படி வெளியே போன தன் பெரியப்பாவை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த அமைதியில்தான் பையன் வாயைத் திறந்தான்.

"அம்மாச்சி, குதிரையெல்லாம் இப்ப என்ன செய்யும்?"

"காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்டா தம்பி. தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும்."

கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. வடக்குக் காற்றுக்குத் தாங்கி நின்ற மரங்கள் இதற்குத் தாங்கவில்லை. ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனது. பையன் என் மடியில் முகத்தைப் புதைத்திருந்தான். அப்படியே இருந்துகொண்டு கேட்டான்:

"பெரியம்மா, குதிரை இப்ப திரும்பி நிக்கணும்ல?"

அந்தக் கேள்விதான் பிறகு புத்தகமானது.

விடிந்த பிறகு பார்த்ததையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தோப்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. கரையோர ஊர்களில் கடல் கொண்டுவந்து தள்ளிய சேறு. சரணாலயத்தில் மானும் குதிரையும் செத்துக் கிடந்தன, சில கடலோரம் ஒதுங்கின. அம்மா தன் வீட்டைப் பார்க்கப் போனவள் வழியில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 27 நாள் ஆயிற்று.

டிசம்பரில் தங்கை குடும்பம் திருப்பூர் போய்விட்டது. மா காய்க்க வருஷக்கணக்காகும், அதுவரை சாப்பிட வேண்டுமே. எங்கள் பக்கத்திலிருந்து அந்த மாதம் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். லைன் வீடு ஒன்று கிடைத்தது. பையனை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் விளையாட்டு பீரியடில் யாரையோ "இஞ்ச வா" என்று கூப்பிட்டிருக்கிறான். எங்கள் ஊரில் 'இங்கே' என்பதற்கு 'இஞ்ச' என்போம். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்கு 'இஞ்சி' என்று பேர் விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆறு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் அவன் பள்ளிக்கூடத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டான். "அக்கா, வீட்டுக்கு வந்தா பேசுறான். ஸ்கூல் கேட்டுக்கிட்ட போனா வாய மூடிக்கிறான். மிஸ் கேட்டாகூட தலைய மட்டும் ஆட்டுறானாம்," என்று தங்கை போனில் அழுதாள்.

இடம் மாறிப்போகும் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன், வகுப்பில் படித்தும் காட்டியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே போக்கில் போகும். நாலாம் பக்கத்தில் குட்டி அழும். பத்தாம் பக்கத்தில் ஒரு புது நண்பன் வருவான். கடைசிப் பக்கத்தில் புது இடமே பழைய இடத்தைவிட நல்லதாகிவிடும். எழுதியவர்களின் மனசு நல்ல மனசுதான். என்றாலும் அந்த அவசரம் எனக்கு ஒப்பவில்லை. பெரியவர்கள் தங்கள் மனம் சமாதானமாகப் பிள்ளையை வேகமாகச் சிரிக்க வைக்கப் பார்ப்பது மாதிரி படும். என் தங்கை மகன் தோப்பு விழுகிற சத்தத்தைக் கேட்டவன். அவனிடம் போய் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு குதிரையைக் கொண்டு சொல்லவைக்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சுழி பேசாது என்று முடிவு செய்தேன். சிரிக்காது, கண்ணீர் விடாது, சட்டை போடாது. குதிரை என்ன செய்யுமோ அதை மட்டும் செய்யும். அதற்குக் குதிரையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஏழெட்டு நாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோடியக்காடு போனேன். சாலையோரமாகவே நின்று டிராயிங் நோட்டில் கிறுக்கிக்கொண்டு வருவேன். விழுந்த மரங்களுக்கு நடுவே, எலும்பு தெரிகிற உடம்போடு, அவை மேய்ந்துகொண்டிருக்கும்.

வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குதிரையின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடங்குவதுபோலத் தெரியும். அது முழங்கால் அல்ல, குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில், அதாவது நகத்தின் மேல், நிற்கிற பிராணி அது. நம் கையில் நடுவிரல் எதுவோ அதுதான் குதிரைக்குக் குளம்பு. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க நடுவிரலை ஊன்றி மேஜை மேல் குதிரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நின்றபடியே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பின்னங்கால் மூட்டு பூட்டிக்கொள்வதால் விழாது. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்கத்தான் வேண்டும். ஒன்று படுத்தால் பக்கத்தில் இன்னொன்று நின்று காவல் காக்கும். காவலுக்குத் துணை இல்லாத குதிரை சரியாகத் தூங்காது.

காதுதான் முக்கியம். குதிரையின் மனசு காதில் இருக்கிறது. இரண்டு காதும் முன்னால் குவிந்தால் எதையோ கவனிக்கிறது. கழுத்தோடு ஒட்டிப் பின்னால் படிந்தால் கோபம். இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பவும் முடியும். ஒரு காது முன்னால் போகிற வழியைக் கேட்கும், இன்னொன்று பின்னால் விட்டு வந்த இடத்தைக் கேட்கும். இதைக் கவனித்த அன்று நோட்டு முழுக்கக் காதாகவே வரைந்தேன்.

எட்டுத் தாளை மடித்தால் 32 பக்கம். படப் புத்தகத்தில் படத்தைவிடத் தாளைப் புரட்டுகிற அந்த நொடிதான் பெரிசு என்று எனக்குத் தோன்றும். அடுத்த பக்கத்தில் என்ன என்று தெரியாமல் பிள்ளையின் கை தாளைத் தூக்குகிறதே, மாற்றம் என்பது அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் வருகிறது. அதை வைத்துத்தான் நடுப்பக்கங்களைப் பிரித்தேன். 14, 15ஆம் பக்கத்தில் காற்று இடது கைப்பக்கமிருந்து அடிக்கிறது. ஐந்து குதிரைகளும் அதற்கு முதுகைக் காட்டி வலப்பக்கம் பார்த்து நிற்கின்றன. புரட்டினால் 16, 17. பின் அடித்த நட்டநடுப் பக்கம். புத்தகத்தில் ஒரே தாளாக விரிகிற இடம் அது ஒன்றுதான். அங்கே ஒன்றுமே வரையவில்லை. வெறும் வெள்ளை. புயலின் கண். மறுபடி புரட்டினால் 18, 19. காற்று வலது கைப்பக்கமிருந்து அடிக்கிறது. குதிரைகள் திரும்பி, இடப்பக்கம் பார்த்து நிற்கின்றன. நாம் படிக்கிற திசைக்கு எதிராக. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டவே கைக்குக் கொஞ்சம் தயக்கம் வர வேண்டும் என்று நினைத்தேன். அட்டையில் முதுகு காட்டி நிற்கும் சுழி அந்த ராத்திரிக் குதிரை.

மழையையும் நுரையையும் எப்படிக் காட்டுவது என்று திணறியபோது உப்புதான் கை கொடுத்தது. வாட்டர் கலர் ஈரமாக இருக்கும்போது மேலே கல்லுப்பைத் தூவினால், உப்பு ஈரத்தை இழுத்து, வண்ணம் விலகிப் பூப்பூவாகத் திட்டுகள் விழும். காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். எங்கள் உப்பளத்து உப்பு அது. பெட்டியிலிருந்து எடுத்தபோது 15ஆம் பக்கத்தில் இரண்டு பரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

புயலுக்குப் பிறகு வருகிற பக்கங்கள்தான் எனக்குச் சிரமமாக இருந்தன. கடல் புகுந்ததால் குட்டைத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சுழி வாய் வைத்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். புது வாசனை பட்டால் குதிரைகள் அப்படிச் செய்யும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பதுபோல இருக்கும். பிறகு தாய்க்குதிரை நடக்க, குட்டி பின்னால் போகிறது. வனத்துறைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கண்டுபிடிக்கின்றன. அந்த இரண்டு பக்கத்தை மட்டும் சுழியின் கண் வழியாக வரைந்தேன். குதிரைக்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகத் தெரியும், சிவப்பைப் பிரித்தறியாது. அதனால் அந்தப் பக்கத்தில் சிவப்பே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் சுள்ளி பொறுக்கும் கிழவியின் சிவப்புச் சேலைகூட மங்கின மஞ்சளாகத்தான் இருக்கும்.

20ஆம் பக்கத்திலிருந்து குதிரைகள் நான்குதான். செவலையை வரையவில்லை. அதைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்திலாவது ஐந்தாவதைக் கொண்டுவந்து சேர்த்துவிடச் சொன்னார். "சின்னப் பிள்ளைங்க, மனசு ஒடஞ்சிடும்." அக்கறையோடுதான் சொன்னார். இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் செவலையை வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "அழிச்சிடு. அவன் எண்ணத் தெரிஞ்ச பய," என்றாள். அழித்துவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பென்சில் தடம் இன்றும் தெரிகிறது.

பொங்கல் லீவுக்கு வந்தான். மாட்டுப்பொங்கல் அன்று காலை திண்ணையில் உட்காரவைத்துக் கையில் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட ஆசைதான், ஆனால் அம்மா கண்ணால் என்னை உள்ளே கூப்பிட்டாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டோம்.

வேகமாகப் புரட்டினான். உதட்டைச் சுருட்டுகிற பக்கத்துக்கு முன்னால், அந்த வெள்ளைப் பக்கத்தில் நின்றான். ஒன்றுமில்லாத தாளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "அம்மாச்சி, நீ கதவத் தெறக்க விடலையே, அது," என்று உள்ளே பார்த்துச் சொன்னான். அடுத்து திரும்பி நிற்கிற பக்கம். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தான். அது தன் யோசனை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

20ஆம் பக்கத்தில் விரல் வைத்து எண்ணினான். நாலு. பின்னால் புரட்டி நாலாம் பக்கம் போனான். அஞ்சு. திரும்ப 20. நாலு. நான் வெளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செவலையக் காணும்."

"ஆமாம்டா, காணும்."

"சுழி தேடுச்சா?"

"நீயே பாரு."

ஒவ்வொரு பக்கமாகத் தேடினான். 22ஆம் பக்கத்தில் சுழி தாய்க்குப் பின்னால் நடந்து போகும். தலை நேராக இருக்கும். நடையில் ஒரு மாற்றமும் இருக்காது. நெடுநேரம் அதையே பார்த்தான். பிறகு விரலைக் காது மேல் வைத்தான்.

"ஒரு காது பின்னால கேக்குது பெரியம்மா."

அதை வரைந்தபோது யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். அங்கே சுழியும் கறுப்புக் குதிரையும் தலைமாடு கால்மாடாக நின்று ஒன்றின் பிடரி மேட்டை மற்றது பல்லால் சொறிந்துவிட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். "முதுகு அரிச்சா நானும் அம்மாகிட்ட இப்டிதான் நிப்பேன்," என்றான்.

கடைசி இரண்டு பக்கத்துக்கு நான் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: 'இங்கே புல் இருக்கிறது.' முறிந்த பாலை மரத்தடியில், நிழல் போய் வெயில் விழுகிற இடத்தில், மழைக்கு முளைத்த புது அருகம்புல். மரம் இருந்தவரை அந்த இடத்தில் புல் வந்ததில்லை. பையனுக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரியும். விரல் வைத்துக் கூட்டினான். கூட்டி முடித்துவிட்டு மொத்தமாகச் சத்தம் போட்டுச் சொன்னான்:

"இஞ்ச புல்லு இருக்கு."

திருப்பூர் பள்ளிக்கூடத்தில் விழுங்கிக்கொண்ட சொல் தானாக வெளியே வந்ததை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், தங்கையும் கவனித்தாள். அன்று சாயங்காலமே ஒரு துண்டுத் தாளில் அவன் சொன்னதை அப்படியே எழுதி அந்த வரியின் மேல் ஒட்டிவிட்டேன். புத்தகத்தைத் திருப்பூருக்கு எடுத்துப் போனான். பள்ளிக்கூடத்தில் பேச ஆரம்பித்தது மார்ச்சில். அதற்கும் புத்தகத்துக்கும் முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. பக்கத்து லைன் வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது, அந்தப் பையனும் அதே வகுப்பில் சேர்ந்தான், அவனும் வேறு மாதிரி பேசினான். அதுதான் பெரிய காரணமாக இருக்கும். புத்தகம் எப்போது எங்கள் வீட்டுப் பரணுக்குத் திரும்பி வந்தது என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

இப்போது எங்கள் பள்ளி நூலகத்துக்கென்று 200 பிரதி போடுகிறோம். ஊர்க்காரர்கள் சிலர் காசு போட்டிருக்கிறார்கள். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம், இரண்டு பாரத்தில் புத்தகம் முடிந்துவிடும். ஸ்கேன் செய்து பார்த்தால் 24ஆம் பக்கத்தில் தாய்க்குதிரையின் கண் சரியாக மடிப்புக்குள் போய் விழுகிறது. அதைத் திருத்தி வரைந்துகொண்டிருக்கிறேன். நடுவில் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து அச்சகத்துத் தம்பி இரண்டு முறை போன் செய்துவிட்டார், "டீச்சர், படம் விட்டுப்போச்சா?" என்று. விட்டுப்போகவில்லை, அப்படியே போடுங்கள் தம்பி என்றேன்.

பையன் எட்டாம் வகுப்பு. குரல் உடைந்துவிட்டது. "ஏனுங்க பெரிம்மா" என்று போனில் இழுக்கும்போது சுத்தமாகத் திருப்பூர்க்காரன். கடைசி வரியை எல்லோருக்கும் புரிகிற மாதிரி 'இங்கே' என்று மாற்றிவிடலாமா என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "வேண்டாம். அப்டியே இருக்கட்டும்," என்றான்.

அவனுக்கு இப்போது ஒரு தங்கை. நாலு வயசு, திருப்பூரிலேயே பிறந்தவள், கோடியக்கரையை இன்னும் பார்த்ததில்லை. திருத்திய பக்கங்களை போனில் அனுப்பியிருந்தேன். அவன் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து மடித்து அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அவளும் எண்ணியிருக்கிறாள். அஞ்சு, அப்புறம் நாலு. "ஒண்ணு ஒளிஞ்சிக்கிச்சு," என்று தாளைத் தூக்கி அடியில் பார்த்தாளாம். அங்கே இல்லை என்றதும் அட்டையைத் திருப்பிப் பார்த்தாளாம், பாய்க்கு அடியில் பார்த்தாளாம்.

"நீ என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல பெரிம்மா. அவகூட நானும் தேடுனேன்."